காய் வெட்டினால் ஒரு புள்ளி குறையும்

மாதத்தின் முதல் வாரத்தில் தலைமையாசிரியை அச்சடித்த அந்தப் பாரத்தை என் மேசைமேல் வைத்தார். "மாசக் கடைசிக்குள்ள குடுத்துருங்க டீச்சர்," என்றார். குரலில் கடுமை இல்லை. நான்தான் அதைக் கடுமையாகக் கேட்டுக்கொண்டேன்.

எங்கள் பள்ளி ஜெராம் சாலையிலிருந்து உள்ளே திரும்பி, செம்பனை என்னும் எண்ணெய்ப் பனை மரங்களுக்கு நடுவே இருக்கிறது. நான் வகுப்பாசிரியையாக இருந்த மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒன்பது பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி பள்ளிக்கு வந்த நாளிலிருந்து எந்த ஆசிரியர் கேட்ட கேள்விக்கும் வாய் திறந்து பதில் சொன்னதில்லை. அவளை மருத்துவமனைக்கு அனுப்பிப் பரிசோதித்து, அடுத்த ஆண்டு பட்டணத்தில் வேறொரு பள்ளியின் சிறப்பு வகுப்பில் சேர்ப்பதற்கான படிவம் அது. 'கேள்விகளுக்குப் பதிலளிப்பதில்லை' என்று ஒரு வரி இருந்தது. அதற்கு எதிரே நான் சரி என்று குறியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

சிறப்பு வகுப்பு கெட்ட இடம் என்று நான் நினைக்கவில்லை. என் பயிற்சிக் காலத்தில் அப்படி ஒரு வகுப்பில் இருந்திருக்கிறேன். அங்கே மலர்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதுதான் என் பயத்தை இரண்டு மடங்காக்கியது. இவளுக்கு அந்த உதவி தேவையாக இருந்து நான் தடுத்துவிட்டால் அது ஒரு பாவம். தேவையில்லாமல் இருந்து நான் அனுப்பிவிட்டால் அது இன்னொரு பாவம். ஆனால் அவள் பேசாத பிள்ளை அல்ல. சிற்றுண்டிச்சாலையில் பக்கத்துப் பிள்ளையின் காதில் எதையோ சொல்வாள், அந்தப் பிள்ளை மீ நூடுல்ஸ் தட்டில் முகம் படும் அளவுக்குக் குனிந்து சிரிக்கும். நான் அருகில் போனால் இருவரும் சாப்பாட்டைப் பார்ப்பார்கள்.

எனக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்தையும் முழுதாகப் பயன்படுத்துவது என்று முடிவு செய்தேன்.

விளையாட்டு வழியாகப் பாடம் நடத்துவது எனக்குப் புதிதல்ல. கைதட்டி வாய்பாடு சொல்வது, பகடை உருட்டிக் கூட்டுவது, பந்தைப் பிடித்தவர் பதில் சொல்வது என்று ஏற்கெனவே என் வகுப்பு சத்தமாகத்தான் இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் இரண்டு முறை கதவைச் சாத்தியிருக்கிறார். ஆனால் பந்து அவள் பக்கம் வந்தால் அவள் மெல்ல விலகிக்கொள்வாள். பந்து சுவரில் பட்டுத் திரும்பும். அவள் வெளியே நின்று பார்க்க முடியாத ஒரு விளையாட்டு வேண்டும், அவளுக்கு நன்றாகத் தெரிந்த உலகத்திலிருந்து அது வர வேண்டும் என்று யோசித்தேன். பெரும்பாலான பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் தோட்டத்தில் வேலை செய்பவர். செம்பனை விளையாட்டு அப்படித்தான் பிறந்தது.

ஒரு சனிக்கிழமை முழுவதும் வீட்டுக் கூடத்தில் மணிலா அட்டைகளை வெட்டினேன். புக்கிட் பெருந்துங்கில் தொழிற்சாலை வேலை முடிந்து வந்த கணவர் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து ஆரஞ்சு வண்ணம் பூசினார். நான்கு வயது மகள் தன் பங்குக்குத் தரையில் பூசினாள். நாற்பது குலைகள் ஆயின. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பெருக்கல் கணக்கு.

விதிகள் தோட்டத்தில் இருப்பவைதான். பழம் வெட்டுகிறவர் தான் வெட்டிய குலையின் தண்டில் தன் எண்ணை எழுதிவிட்டுத்தான் சாலையோர மேடையில் அடுக்குவார். வேலையை மேற்பார்க்கும் மண்டோரும் கணக்கெழுதும் கிராணியும் வந்து பார்ப்பார்கள். பழுக்காத கறுப்புக் காயை வெட்டியிருந்தால் யாருடையது என்று எண் சொல்லிவிடும். என் வகுப்பிலும் ஒவ்வொரு பிள்ளையும் ஓர் எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும். சுவரில் ஒட்டிய மரத்திலிருந்து ஒரு குலையை எடுத்துத் தண்டில் எண்ணை எழுதி, பின்பக்கக் கணக்குக்கு விடை சொல்ல வேண்டும். சரியென்றால் பழம், ஒரு புள்ளி. தவறென்றால் காய். குலைமேல் கறுப்பு மையால் கோடு போட்டு, ஒரு புள்ளி குறைப்பேன்.

அந்தக் கடைசி விதியை எழுதும்போது எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. எதற்கெடுத்தாலும் பத்துத் தடவை யோசிக்கிற நான் அதற்கு மட்டும் யோசிக்கவில்லை. என் அப்பா தோட்டத்துக் கிராணி. எங்கள் வீட்டில் இரவுச் சோற்றோடு வருகிற பேச்சு இன்று எத்தனை பழம், எத்தனை காய், யாருடைய எண் என்பதுதான். காய்க்குக் குறைப்பது எனக்கு மழை மாதிரி இயல்பான விஷயம்.

திங்கட்கிழமை வகுப்பு திருவிழா போலிருந்தது. வகுப்பிலேயே பெரிய வாயாடியான ஒரு பெண்பிள்ளை மண்டோர் ஆனாள். நீள அடிக்கோலைக் கக்கத்தில் செருகிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே நடந்தாள்.

"யாரு வெட்டுன காயி இது? நம்பர் அஞ்சு! வா இங்க! கண்ணு என்னா பொடனியிலயா இருக்கு?"

"மரம் ஒசரம் மண்டோரே, தெரியல மண்டோரே!"

"தெரியலன்னா ஏன் வெட்டுன? வூட்டுக்குப் போயி மாட்டுக்குப் புல்லு வெட்டு!"

வகுப்பு மொத்தமும் "காயி! காயி!" என்று மேசையைத் தட்டியது. எண் ஐந்தும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

மற்றவர்கள் ஒன்றிலிருந்து பத்துக்குள் எண் எடுத்துக்கொண்டபோது, பதில் சொல்லாதவளோ தன் தாளில் சிறியதாக 47 என்று எழுதிக் காட்டினாள். முதன்முறையாக என் விளையாட்டில் அவள் தானாகச் செய்த காரியம் அது. அவள் முறை வந்தபோது எழுந்தும் வந்தாள். மரத்தின் முன் நின்றாள். ஒரு குலையைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். சுவரோரமாகத் தரையை நிதானமாகப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமையும் அப்படியே. என் குறிப்பேட்டில் 'பதிலில்லை, பதிலில்லை, பதிலில்லை' என்று மூன்று நாளுக்கும் எழுதினேன்.

"கீழ என்னாத்தடி தேடுற? காசு கீசு வுழுந்துச்சா?" என்று ஒருவன் கேலி செய்தான்.

மண்டோர்ப் பிள்ளை அடிக்கோலால் அவன் தலையில் தட்டினாள். "அவ பழம் தேடுறாடா, மாங்கா. கீழ பழம் கெடந்தாத்தான வெட்டுவாங்க."

அது எனக்கு உறைக்கவில்லை. தோட்டத்தில் வளர்ந்தவள்தான் நான். ஆனால் கிராணி வீட்டுப் பிள்ளையாக வளர்ந்தவள். மேடையில் அடுக்கிய குலைகளைத் தெரியுமே தவிர, மரத்தடியில் நின்று பார்த்ததில்லை.

வியாழக்கிழமை பள்ளி விடும் நேரத்தில் மழை பிடித்தது. பிள்ளையை அழைத்துப்போக வந்த அவளுடைய அப்பா மோட்டார் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுப் பள்ளி வாசல் கூரையடியில் நின்றிருந்தார். மெலிந்த மனிதர். கைகளில் முள் கிழித்த கோடுகள்.

"அண்ணே, ஒரு நிமிஷம் பேசலாமா?"

"பாப்பா ஏதாச்சும் சேட்ட பண்ணுச்சா டீச்சர்?"

சேட்டை பண்ணியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். "இல்லண்ணே. வீட்டுல பேசுறாளா?"

"பேசுறாளாவா!" அவர் சிரித்துவிட்டார். "வாய மூட ஆளு வெக்கணும் டீச்சர். ஞாயித்துக்கெழம எங்ககூட மரத்துக்கு வந்துரும். அவுங்கம்மா உதிர்ந்த பழத்தப் பொறுக்கும். இது முன்னால ஓடிப்போயி மரத்தடியில பழம் உதிர்ந்திருக்கான்னு பாத்துட்டு, அப்பா இத வெட்டு, அப்பா இத வுட்டுடுன்னு கத்தும். நம்ம கண்ணு இப்பல்லாம் மேல பாத்தா கூசுது. அது கண்ணுதான் எனக்கு."

"தப்பா சொன்னதே இல்லயா?"

அவர் மழையைப் பார்த்தார். "ஒரு வாட்டி. சின்னப் புள்ளதான, எங்கியோ கெடந்த பழத்தப் பாத்துட்டு வெட்டுன்னுச்சு. வெட்டிட்டேன். மண்டோரு எல்லார் முன்னாலயும் அந்தக் காய எடுத்துத் தனியா வெச்சுட்டு, நாப்பத்தேழு யாரு, நாப்பத்தேழு யாருன்னு கத்துனாரு. இது என் சட்டயப் புடிச்சிக்கிட்டு நின்னுச்சு. அதுல இருந்து சொல்லி வெச்சிருக்கேன் டீச்சர். சந்தேகமா இருந்தா வுட்டுடும்மா, தப்பில்லன்னு."

நாற்பத்தேழு.

நான் அந்தப் பிள்ளையை அவளுடைய அப்பாவின் எண்ணை எழுத வைத்து, அதே மண்டோரை வகுப்புக்குள் கொண்டுவந்து நிறுத்தி, தவறினால் எல்லார் முன்னாலும் அதன்மேல் கறுப்புக் கோடு போடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு விளையாட்டு என்று பெயரும் வைத்திருக்கிறேன்.

பாரத்தைப் பற்றியும் அவரிடம் சொல்லிவிட்டேன். மறைக்கக் கூடாது என்று தோன்றியது. அவர் தலைக்கவசத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"எங்களுக்கு இதெல்லாம் தெரியாது டீச்சர். நீங்க படிச்சவுங்க. நீங்க சொல்றதுதான்."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அன்று மாலை வீட்டில் மகள் பாலைக் கொட்டிவிட்டாள். என் கை தானாகக் குளிர்சாதனப் பெட்டியின் கதவுக்குப் போனது. அங்கே நட்சத்திர அட்டவணை ஒன்று ஒட்டியிருந்தேன். நல்லது செய்தால் ஒரு நட்சத்திரம் ஒட்டுவேன், கொட்டினால், படுக்கையை நனைத்தால் ஒன்றைப் பிய்ப்பேன். பிய்க்கப் போனவள் நின்றேன். சில வாரங்களாக அவள் படுக்கை நனைந்ததை என்னிடம் சொல்வதில்லை. ஈரத் துணியைக் கட்டிலுக்குக் கீழே சுருட்டி வைத்திருந்ததை இரண்டு முறை கண்டுபிடித்து, பொய் பழகுகிறாளே என்று கவலைப்பட்டிருக்கிறேன்.

"என்னா, வீட்டுலயும் கிராணி வேலயா?" என்று கணவர் விளையாட்டாகத்தான் கேட்டார். நான் அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய்த் துடைக்கும் துணியை என்னிடமே நீட்டினார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அட்டவணையைக் கிழித்தோம். கிழித்தது சரியா என்று இன்றுவரை எனக்கு முழு நிச்சயமில்லை. பிள்ளை வளர்ப்பில் எதுதான் எனக்கு நிச்சயம்?

ஆனால் வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்பது நிச்சயமாகத் தெரிந்தது. அவளுடைய நோட்டுகளை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். இத்தனை நாள் நான் வெற்றிடங்களை மட்டுமே எண்ணியிருக்கிறேன். எழுதியிருந்த விடைகளில் ஒன்றுகூடத் தவறு இல்லை. சரியான விடை, இல்லாவிட்டால் வெற்றிடம். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் வெட்டியிருக்கிறாள். மற்றதை மரத்திலேயே விட்டிருக்கிறாள்.

மறுவாரம் திங்கட்கிழமை குலைகளைக் கணக்குப் பக்கம் தெரியும்படி திருப்பி ஒட்டி, சுவர் மரத்துக்குக் கீழே தரையில் ஆரஞ்சு வண்ணம் பூசிய பானப் போத்தல் மூடிகளைக் கொட்டி வைத்தேன். அவை உதிர்ந்த பழங்கள். தோட்டத்தில் அவற்றை யாரும் வீணாக்குவதில்லை. பொறுக்கிச் சாக்கில் கட்டுவதும் வேலைதான், அந்த வேலைக்கும் மதிப்புண்டு. புதிய விதியைச் சொன்னேன்: காய் கிடையாது, கறுப்புக் கோடு கிடையாது, தண்டில் எண் எழுத வேண்டாம். குலையைப் பார்த்து முழு விடை தெரியவில்லை என்றால், அதற்குப் பக்கத்தில் தெரிந்தது எதுவோ அதைச் சொல்லலாம். சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஒரு பழம் பொறுக்கிக்கொள்ளலாம். தப்பாகச் சொன்னாலும் பொறுக்கிய பழம் உன்னுடையதே.

மண்டோர்ப் பிள்ளைக்கு முகம் தொங்கிவிட்டது. "அப்ப நான் யாரத்தான் ஏசுறது டீச்சர்?"

"யாரையும் ஏச வேணாம். அவுங்க பொறுக்குறத எண்ணு."

"அது கிராணி வேல லா டீச்சர்! போரிங்!"

திங்களன்று பதில் சொல்லாத பிள்ளை வந்து நின்றாள், தரையைப் பார்த்தாள், போய்விட்டாள். செவ்வாயன்றும் போய்விட்டாள். ஆனால் செவ்வாயன்று கொஞ்சம் அதிக நேரம் நின்றாள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றுவதை நம்பலாமா என்று தெரியவில்லை. மற்ற பிள்ளைகள் எதையாவது சொல்லி மூடிகளை அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஒவ்வொரு குலைக்கும் "ஓரெட்டு எட்டு, டீச்சர்" என்று சொல்லியே பையை நிரப்பினான். நான் எட்டுப் பேரின் கணக்கை ஒருத்திக்காகக் கெடுத்துக்கொண்டிருக்கிறேனோ என்ற பயம் வேறு. ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொன்னால் பழம் இல்லை என்று ஒரு விதியைச் சேர்த்து, அந்தப் பயத்தோடேயே தொடர்ந்தேன்.

புதன்கிழமை அவள் மரத்தடியில் குந்தி உட்கார்ந்தாள். ஒரு மூடியைக் கையில் எடுத்தாள். மேலே இருந்த குலையில் ஏழு பெருக்கல் எட்டு. வகுப்பில் யாரும் அவளைப் பார்த்ததாகத் தெரியவில்லை. நான் பக்கத்தில் போய் நானும் குந்திக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்க்காமல் மூடியைப் பார்த்தேன்.

"இது என்னா பழம்?"

என் காலில் எறும்பு ஊறியது. தட்டிவிடக்கூட இல்லை.

"ஏழஞ்சு முப்பத்தஞ்சு."

குரல் நான் நினைத்திருந்ததைவிடத் தடிமனாக இருந்தது. ஒரு சின்ன அதட்டல் குரல். மரத்தடியில் ஓடி, அப்பா வெட்டு என்று சொல்லுகிற குரல். "எடுத்துக்கோ," என்றேன். எடுத்துக்கொண்டாள். இன்னொன்றைத் தொட்டு, "ஏழாறு நாப்பத்தி ரெண்டு," என்றாள். மூன்றாவதற்கு வாய் திறக்கவில்லை. அன்றைக்கு அவ்வளவுதான். ஆசிரியர் அறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

அடுத்த நாட்களில் பொறுக்குவது பழகிவிட்டது. அவள் சாக்குதான் கனமாக இருந்தது. ஆனால் குலையை மட்டும் வெட்டவே இல்லை. கடைசி வாரம் வந்துவிட்டது. தெரிந்ததை மட்டும் சொல்லுகிற பிள்ளைக்குத் தெரியாததை எப்படிக் கற்றுக்கொடுப்பது? தவறாக ஒன்றைச் சொன்னால்தானே எங்கே இடறுகிறாள் என்று எனக்குத் தெரியும்? அவள் ஒரே ஒரு தவறு செய்ய வேண்டும் என்று ஆசிரியையான நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

மாதத்தின் கடைசி வியாழனன்று தலைமையாசிரியை வகுப்பைப் பார்க்க வந்து, பின்னால் கதவோரம் நின்றார். அன்று பார்த்துக் கூச்சல் அதிகம். அவள் மரத்தடியில் மூன்று பழங்களைப் பொறுக்கி, மூன்றுக்கும் கணக்குச் சொல்லிவிட்டு எழுந்தாள். திரும்பிப் போகவில்லை. அண்ணாந்து குலையைப் பார்த்தாள். எட்டு பெருக்கல் எட்டு. கையை நீட்டி அதைப் பிய்த்தாள். ஒட்டியிருந்த நாடாவோடு வந்தது.

"அறுபத்தி ரெண்டு."

மண்டோர்ப் பிள்ளையின் வாய் 'கா' என்று திறந்ததைப் பார்த்தேன். என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். குலையைப் பிய்த்தவள் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அவள் கண்ணில் பயம் இருந்தது. ஆனால் ஓடவில்லை. அந்த இடத்திலேயே நின்றாள்.

"இல்லம்மா," என்றேன். பொய் சொல்லக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். "அறுபத்தி ரெண்டு இல்ல. ஆனா கிட்டத்துல இருக்கு. எப்படி வந்துச்சு, சொல்லு."

"எட்டேழு அம்பத்தாறு." நிறுத்தினாள். "அம்பத்தாறோட எட்டு…" விரல்களை மடக்கினாள். ஐம்பத்தாறையே முதல் விரலாக எண்ணத் தொடங்கினாள். அங்கேதான் இடறுகிறாள் என்று தெரிந்தது. ஏழு விரலோடு அவசரப்பட்டு நிறுத்தியிருக்கிறாள் என்பதும் தெரிந்தது. இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் இருந்தது, ஒரு தவறான விடையில் கண் முன்னால் விரிந்துவிட்டது. நான் கைதட்டிவிட்டேன். பிள்ளைகளும் எதற்கென்று தெரியாமலே தட்டினார்கள்.

வகுப்பு முடிந்ததும் தலைமையாசிரியை என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார். "தப்பா சொன்னதுக்கா டீச்சர் கைதட்டுனீங்க?"

"ஆமா டீச்சர்." என் குரல் எனக்கே உயர்வாகக் கேட்டது. "தப்பு பண்ண பயந்துதான் அவ இத்தன நாளு வாயத் தொறக்கல. இன்னைக்குத் தொறந்திருக்கா."

வெள்ளிக்கிழமை காலை பாரத்தைக் கொடுத்தேன். 'கேள்விகளுக்குப் பதிலளிப்பதில்லை' என்ற வரியில் குறியிடவில்லை. பக்கத்தில், உறுதியாகத் தெரியாதபோது பதில் சொல்லத் தயங்குகிறாள், சிறு சிறு பகுதியாகக் கேட்டால் சொல்கிறாள் என்று எழுதி, என் குறிப்பேட்டின் பக்கங்களையும் இணைத்திருந்தேன். கண், காதுப் பரிசோதனைக்கு மட்டும் பரிந்துரைத்திருந்தேன். ஒருவேளை நான் தவறாக இருந்தால் அதுவாவது பிடித்துக்கொடுக்கட்டும். வேறு வகுப்புக்கு மாற்றுவது பற்றிய கட்டத்தில் 'இப்போது வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தேன்.

அவர் நின்றபடியே முழுவதையும் படித்தார்.

"இப்படியெல்லாம் எழுத இந்தப் பாரத்துல எடமே இல்லயே டீச்சர்."

"ஓரத்துல எழுதியிருக்கேன் டீச்சர்."

"மூணு மாசம்," என்றார். "ஆறு மாசம் முடியாது. மூணு மாசத்துல நான் வந்து உக்காந்து பாப்பேன். அப்ப எனக்கு வேற மாதிரி தெரிஞ்சா, நான் சொல்றத நீங்க கேக்கணும். சரியா?"

"சரி டீச்சர்."

அவர் ஆறைக் கோடு போட்டு மூன்று என்று திருத்தி, பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார். நான் வகுப்புக்கு நடந்தேன். ஐம்பத்தாறுக்கு அடுத்த எண்ணிலிருந்து விரல் மடக்கத் தொடங்க வேண்டும் என்பதை அன்றைக்கு அவளுக்கு எந்த விளையாட்டில் வைத்துச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே.